குமுளி வரை ஒரே மூச்சு

"மூச்சு விடுறதுக்குமா ஆத்தா படிக்கணும்? மாடு கண்ணெல்லாம் எந்தக் காலேசுல போயிப் படிச்சிட்டு வந்து விடுது?"

அம்மா இதைக் கேட்டபோது நான் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். வயிற்றின் மேல் பொது அறிவுப் புத்தகம் இருந்தது. மூச்சை இழுத்தால் புத்தகம் உயர வேண்டும், விட்டால் தாழ வேண்டும், நெஞ்சு மட்டும் அசையவே கூடாது. செல்போனில் ஒருவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"மாட்ட யாரும் எட்டரை நிமிசத்துல ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடச் சொல்லலம்மா" என்றேன்.

"படிக்கிற புத்தகத்த வயித்துல வச்சா உள்ள ஏறிருமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றி மூடினாள். மூடியை அழுத்தும்போது கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடியும் புத்தகத்தைத்தான் கவனித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அம்மா கைநாட்டு. நான் பட்டம் வாங்கியவள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பா குமுளிக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். அம்மா தேனிக்கு வெளியே ஒரு ஜின்னிங் மில்லில் இருந்தாள். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் இடம் அது. கூடை கூடையாகப் பருத்தியை அள்ளி மிஷினில் போட வேண்டும். அங்கே காற்றே வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் மில் வேனிலிருந்து இறங்கும் பெண்களுக்குப் புருவம், இமை, காதோர முடி எல்லாம் நரைத்திருக்கும். குழாயடியில் முகம் கழுவியதும் எல்லாருக்கும் வயது குறைந்துவிடும். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே ஓடிப்போய் நிற்பேன்.

எனக்கு வேலை கிடைத்த மறுநாளிலிருந்து அம்மா மில்லுக்குப் போகக் கூடாது. இதுதான் எங்களுக்குள் பேச்சு. மத்திய காவல் படை ஒன்றுக்கான எழுத்துத் தேர்வில் நான் தேறியிருந்தேன். மிச்சம் இருந்தது ஓட்டம் மட்டும்தான். வயது வரம்பின்படி அதுவே எனக்குக் கடைசி வாய்ப்பு. நான் ஓடி முடிக்கும் வரை அம்மாவின் நெஞ்சு தாங்க வேண்டும்.

என்னுடைய நெஞ்சே அப்போது தாங்கவில்லை. நானூறு மீட்டர் சுற்றை நான்கு முறை ஓட வேண்டும். இரண்டு சுற்று நன்றாகப் போவேன். மூன்றாவதில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், வாய் திறந்துகொள்ளும், அப்புறம் கால் தரையை விட்டுக் கிளம்பாது. காலையில் மைதானத்துக்கு வரும் மற்ற பெண்கள் வேகத்துக்காகப் பயிற்சி எடுத்தார்கள். நான் போனில் தேடி மூச்சுப் பயிற்சியைப் பிடித்துக்கொண்டேன். மூக்கு வழியாக மட்டும் இழு. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. ஓடும்போது மூன்று எட்டு வைக்கும் வரை இழு, இரண்டு எட்டு வைக்கும் வரை விடு. வாயைத் திறந்தவன் தோற்றவன் என்று அந்த ஆள் ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வார். வாய் திறக்காமல் பழக ஒரு வழியும் சொன்னார். ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், ஓடி முடித்ததும் அதே தண்ணீரைத் துப்ப வேண்டும்.

என்னோடு ஓடும் தோழி ஒருத்தி இருந்தாள், போடிப் பக்கத்துப் பெண். நான் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன் என்று தெரிந்தே பக்கத்தில் ஓடிவந்து கேள்வி கேட்பாள்.

"ஏண்டி, சாப்பிட்டியா? என்ன கொழம்பு? ஏன் பேச மாட்டேங்குற, கோவமா? மாப்பிள்ள வந்து பாத்துட்டுப் போனாகளாமே, பிடிச்சிருக்கா? பிடிக்கலன்னா இப்பவே வாயத் தெறந்து சொல்லிரு."

நான் சிரித்தால் தண்ணீர் போய்விடும். சிரிக்காமல் ஓடப் பழகினேன். ஒரு மாதத்தில் விலாப் பிடிப்பு நின்றது. நான்கு சுற்றும் ஓடி முடித்து, தண்ணீரைத் துப்பிவிட்டு, உடனே முழு வாக்கியமாகப் பேச முடிந்தது. மூச்சு என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். கையில் ஒரு வித்தை இருந்தால் அதை எல்லாருக்கும் வைத்துப் பார்க்கத் தோன்றும். வீட்டில் அம்மா இருந்தாள்.

ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. அம்மாவுக்கு எண்கள் பிடிக்கவில்லை. "எண்ணி எண்ணித்தான் கூடயத் தூக்குறேன், இங்கனயும் எண்ணவா" என்றாள். கல்யாணத்துக்கு முன்பு கம்பம் பக்கம் திராட்சை பறிக்கப் போய்வந்தவள் அவள். அந்த பஸ்ஸில் கண்டக்டர் கத்திக்கொண்டே வரும் ஊர்ப் பெயர்கள் அவளுக்கு வரிசையாகத் தெரியும். அதையே சொல்லச் சொன்னேன். நான் சீராகக் கை தட்டுவேன், தட்டுக்கு ஒரு ஊர். தேனி, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. இடையில் மூச்சு இழுக்கக் கூடாது. நான் குமுளி போய்த் திரும்பி உத்தமபாளையம் வரை வந்தேன். அம்மா சீலையம்பட்டியில் நின்றாள்.

"பஸ்ஸு பஞ்சராயிருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். என் ஓட்ட நேரம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் அம்மாவின் ஊர். தேதி எழுதி, கிழமை எழுதி, அதற்கு நேரே ஊர் பெயர். பட்டம் வாங்கியவள் செய்கிற மாதிரி கோடு போட்டுச் செய்தேன். ஞாயிறு சாயங்காலம் அம்மா உத்தமபாளையம் வரை போவாள். திங்கள் சாயங்காலம் கோட்டூரிலேயே நின்றுவிடுவாள். புதன், வியாழனில் மெல்ல மெல்லச் சின்னமனூருக்கு வருவாள். மறுபடி ஞாயிறு உத்தமபாளையம், மறுபடி திங்கள் கோட்டூர்.

இந்தத் திங்கட்கிழமை விஷயம் மில் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு அவர்களே ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றுதான் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவார்கள். எண்ணெய்க் குளியல் சளியை இறக்குகிறது, அதனால்தான் மறுநாள் நெஞ்சு அடைக்கிறது என்று முடிவு கட்டி, ஒவ்வொருத்தராக எண்ணெய்க் குளியலை நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னம்மா ஞாயிற்றுக்கிழமை கறி தின்பதையும் நிறுத்திவிட்டது. அம்மா தலையில் எண்ணெய் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காய்ந்த முடியில் பஞ்சு இன்னும் கெட்டியாக ஒட்டும், சீப்புக்கு வராது, கையால்தான் பிய்க்க வேண்டும். மில்லில் சாயங்காலம் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லமும் கொடுப்பார்கள், தொண்டைப் பஞ்சை வயிற்றுக்கு இறக்கிவிடும் என்று.

"எண்ணெய்க்கும் நெஞ்சடைப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒங்களுக்கெல்லாம் யாரு சொன்னா?" என்று நான் சிரித்தேன்.

"நீ படிச்ச பிள்ள, ஒனக்குத் தெரியும். நாங்க பட்டவுக, எங்களுக்கும் தெரியும்" என்றது அந்தச் சின்னம்மா.

எண்ணெய் காரணமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் வேறு எது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் அதைவிட நல்ல காரணம் ஒன்று தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா வீட்டில் இருப்பாள், அன்றுதான் அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுப்பேன். மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்வேன். ஞாயிறு பயிற்சி, ஞாயிறு உத்தமபாளையம். திங்கள் பயிற்சி இல்லை, திங்கள் கோட்டூர். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையில் எழுதத் தொடங்கினேன்.

பிறகு வருடா வருடம் நடப்பதுபோல் மில்லை இரண்டு மாதம் மூடினார்கள். பருத்தி வரத்து இல்லை. அம்மா வாழைத்தோட்டத்தில் களை வெட்டப் போனாள். இரண்டே வாரத்தில் இருமல் குறைந்தது. ஒருநாள் அனுமந்தன்பட்டி, ஒருநாள் புதுப்பட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பம் தாண்டிக் கூடலூர் வரை போனாள். நான் அப்பாவுக்குப் போன் போட்டு, "அம்மா கூடலூர் வந்துட்டாப்பா, இன்னும் ரெண்டு ஊருதான், நீங்க குமுளி பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க" என்றேன். அவர் புரியாமல், "என்னைக்கு வாரீக?" என்று கேட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் நிறுத்தாமல் அவ்வளவு நேரம் சிரித்ததை நான் நெடுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

மில்லைத் திறக்கப் போகிறார்கள் என்று ஆள் வந்து சொன்ன அன்று, அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்.

"தோட்டத்துக்காரரு வருசம் பூரா வேல இருக்குன்னு சொல்றாரு. கூலி கொறச்சல்தான். மில்லுக்குப் போகாம இங்கனயே நின்னுரட்டா ஆத்தா?"

எனக்கு ஓட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. முட்டை வேண்டும், ஷூ தேய்ந்திருந்தது, தினமும் மைதானத்துக்கு பஸ். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு.

"மூச்சுதான் தேறிருச்சேம்மா. பயிற்சிய விடாமச் செய்யி, ஒண்ணும் ஆகாது. ரன்னிங் முடியிற வரைக்கும் போ."

"நீ சொன்னாச் சரி" என்றாள் அம்மா.

அந்த வீட்டில் நான் சொன்னால் சரி. மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, பேங்க் பாரம், எல்லாவற்றிலும் நான் சொல்வதே சரி. அதை நானே உருவாக்கியிருந்தேன்.

மில் திறந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று சாயங்காலம் மில் வேன் வந்து நின்று, எல்லாரும் இறங்கியும் அம்மா இறங்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளைக் காது வரை தூக்கி, குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கறுத்திருந்தது. நான் கற்றுக் கொடுத்தபடி உதட்டைக் குவித்து ஊத முயன்றுகொண்டிருந்தாள். ஊதுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும், ஏதோ பரீட்சையில் மாட்டிக்கொண்டவள்போல், "தேனி... பழனிசெட்டி..." என்று தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

அரசு மருத்துவமனையில் ஆவி பிடிக்கிற மாதிரி மூக்கில் ஒரு மூடியை மாட்டி மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் வந்த டாக்டரம்மா என் வயதைவிட ஐந்தாறு வயது கூடியவராக இருப்பார். அம்மாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வாரத்துல எந்த நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டார். நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையோடு கொண்டுவந்திருந்தேன், என் வேலையைக் காட்ட.

"இது என்ன, பஸ் ரூட்டா?"

விளக்கினேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்பு மைக் கிழமைகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மில் மூடியிருந்த இரண்டு மாதத்துக்கு வந்ததும், "இங்க ஏன் இவ்வளவு நல்லா ஆச்சு?" என்றார்.

"அப்ப மூச்சுப் பயிற்சி பலன் குடுத்துச்சு மேடம்."

"அப்ப மில்லுக்குப் போனாங்களா?"

"மில்லு லீவு."

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "நீங்களே கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்கீங்க. ஒரு நாள் லீவு விட்டா தேறுறாங்க. மறுபடி போன முதல் நாள் அடைக்குது. பஞ்சுத் தூசில வேலை செய்றவங்களுக்கு வர்றது இது. பயிற்சி கெடுதல் இல்ல, உதட்டக் குவிச்சு ஊதுறது இவங்களுக்கு நல்லதுதான். ஆனா தூசிய அது வெளிய எடுக்காது."

"முழுசாச் சரியாகுமா?"

"இனிமே போகாம இருந்தா, மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம். போனது வராது."

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப எண்ண தேச்சுக் குளிக்கலாமா டாக்டரம்மா?"

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். முடியின் வேரோடு சுருண்டிருந்த பஞ்சு, எண்ணெய் பட்டதும் ஊறிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு வருடம் ஒரு தப்பும் செய்யாத எண்ணெயை விலக்கி வைத்திருந்தாள். நான் அதைக் கேலி செய்துவிட்டு, அவளை மில் வேனில் ஏற்றி அனுப்பியிருந்தேன். அவர்களுக்கு வெல்லம் மாதிரி எனக்கு அந்த நோட்டு. அம்மா தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டாக்டரம்மா நல்லாப் பேசுனாக" என்றாள், அவ்வளவுதான்.

வாழைத்தோட்டத்தில் கேட்கப் போனேன். அந்த இடத்துக்கு வேறு இரண்டு பேரைச் சேர்த்திருந்தார்கள். அம்மா பத்து நாள் வீட்டில் இருந்தாள். பதினோராவது நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாயில் வைத்து உறிஞ்ச டாக்டர் கொடுத்த மருந்துக் குழலை இடுப்பில் செருகிக்கொண்டு, வேனுக்குப் போய் நின்றாள். நான் தடுத்தேன்.

"நீ ஓடிட்டு வா. அம்புட்டு நாளு தாங்கும்" என்றாள்.

ஓட்டம் வெளியூரில் நடந்தது. தோழியும் நானும் ஒரே குழுவில் இருந்தோம். விசில் ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள், நான் பாயவில்லை. மூன்று எட்டுக்கு உள்ளே, இரண்டு எட்டுக்கு வெளியே. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, மூச்சு எண்ணெய் போட்டதுபோல் போய் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் முன்னால் போகிறவர்கள் வாய் திறந்து இரைவது கேட்டது. நானும் வாயைத் திறக்க வேண்டும்போல் இருந்தது. திறக்கவில்லை. வேன் சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்த அம்மா கண்ணுக்கு முன்னால் வந்தாள். வாய் திறந்து இரைக்கும் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு அவள் ஞாபகம்தான். என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காவது சுற்றின் திருப்பத்தில் கூட என்னால் வேகத்தைக் கூட்டியிருக்க முடியும். கூட்டினால் மூக்கு போதாது.

நேரம் முடிந்ததும் கோட்டின் குறுக்கே கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்றவர்களில் நான் மூன்றாவது ஆள். கையை நீட்டினால் கயிற்றைத் தொடலாம்.

உள்ளே போனவர்கள் தரையில் விழுந்து கிடந்தார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். என் தோழி புல்லில் மல்லாந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் நேராக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. மூக்கு வழியாக அமைதியாக வந்து போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்று ஓடச் சொன்னாலும் ஓடியிருப்பேன்.

தோழி எழுந்து வந்து கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். வழக்கமான கேலி அவள் முகத்தில் இல்லை.

"எதுக்குடி இம்புட்டையும் மிச்சம் வச்ச?" என்றாள்.

மூச்சு என்பது சேர்த்து வைக்கிற பொருள் என்று நான் எப்போது நினைக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது அம்மா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் நிமிர்ந்தாள். ஒரு பக்கப் புருவம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"மூச்சு வாங்குச்சா?"

"வாங்கலம்மா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண்களிடம் திரும்பி, "எம் பிள்ள மூச்சு வாங்காம ஓடி முடிச்சிருச்சு" என்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வீட்டுக்குப் போய் வெகுநேரம் ஆயிற்று. கேட்டுவிட்டு, "சரி ஆத்தா" என்றாள். அப்புறம் சோறு போட்டாள். மறுநாள் வேனுக்குப் போனாள்.

அந்த வேலைக்கு இனி எனக்கு வயது இல்லை. வேறு தேர்வுகள் இருக்கின்றன என்று சொல்வார்கள், நானும் எழுதத்தான் செய்கிறேன். அம்மாவின் மூச்சுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நோட்டில் என் பக்கத்தை நிறுத்திவிட்டேன். அவள் பக்கம் தொடர்ந்தது. ஞாயிறு சின்னமனூர், திங்கள் வீரபாண்டி. உத்தமபாளையம் அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டோடு குழாயடிக்குப் போனேன். அந்த வேனில் போகும் பதினோரு பேரையும் ஊர் சொல்லச் சொன்னேன்.

"ஏ பாப்பா, டிக்கெட்டு நீ எடுப்பியா, நாங்க எடுக்கணுமா?"

"சன்னல் சீட்டு இருந்தாத்தான் நான் வருவேன்."

"நான் வீரபாண்டியிலயே எறங்கிக்கிறேன், திருவிழாப் பாத்துட்டு அப்படியே வந்துருவேன்" என்றது கறி தின்பதை நிறுத்திய அந்தச் சின்னம்மா. அன்று அது சின்னமனூர் வரை போயிற்று. கை தட்டிச் சிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. வேனை விட்டு இறங்கியதும் அதே பதினோரு பேர், அதே கைதட்டல். சின்னம்மா உண்மையிலேயே வீரபாண்டியில் நின்றது. அதைச் சொல்லி யாரும் கேலி செய்யவில்லை. பதினோரு பேரில் ஒன்பது பேர் முந்தின நாளைவிட இரண்டு மூன்று ஊர் முன்னாலேயே இறங்கியிருந்தார்கள்.

"எண்ணையக் குத்தம் சொன்னோமே" என்றது சின்னம்மா, யாரிடமும் இல்லாமல்.

இதை மனுவாக எழுதி, அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறேன் என்றேன். மூக்குக்குச் சரியான மூடி, தூசியை இழுக்க மிஷின், எல்லாருக்கும் மூச்சுப் பரிசோதனை. கேட்பது இவ்வளவுதான். உடனே பேச்சு மாறியது.

"எம் பேரு வேணாம் பாப்பா. வீட்ல ரெண்டு பொம்பளப் பிள்ள இருக்கு."

"எனக்கும் வேணாம். நாளைக்கே வேணாம்னு சொல்லிட்டாகன்னா எங்கன போயி நிக்கிறது?"

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாழைத்தோட்டத்தில் நின்றிருக்க வேண்டியவளை வேனில் ஏற்றியவள் நான். பெயருக்குப் பதிலாக ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டேன். எண்ணுக்கு எதிரே ஞாயிறு ஒரு ஊர், திங்கள் ஒரு ஊர். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எத்தனாவது?"

"நாலு."

"எனக்கு நம்பரு வேணாம். பேரப் போடு. கைநாட்டு வைக்கிறேன்."

"அப்புறம் வேன் நிக்காதும்மா."

"நின்னா மட்டும் ஏறவா முடியிது?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஒருமுறை நடுவில் நின்று மூச்சு இழுத்துக்கொண்டாள்.

வேறு வழியிருந்தால் நான் அவளைத் தடுத்திருப்பேன். இந்த மனுவால் ஏதாவது நடக்கும் என்று நான் நம்பவில்லை. மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும், அங்கிருந்து மில்லுக்கு ஒரு போன் போகும், நாலாம் எண்ணில் ஒரு பெயர் இருக்கும். நடந்தாலும், டாக்டரம்மா சொன்னதுபோல், போனது வராது. எல்லாம் தெரிந்துதான் அவள் கட்டைவிரலை மையில் பிடித்து அழுத்தினேன்.

போன திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். அதே நேரத்தில் அம்மா மில்லில் கூடை தூக்கிக்கொண்டிருந்தாள். என் முறை வந்ததும் மனுவைப் பதிகிற பெண் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பஸ் வசதி கேட்டா?" என்றார்.

"இல்லை. இது அவுக மூச்சு" என்றேன்.

அவர் மறுபடி ஒருமுறை படித்தார். எண் போட்டு, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.